டிரோன் திரும்பி வரும் உயரம்: வயலுக்கு வயல் கணக்கிட வேண்டும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையின் இருபுறமும் ஆலைகளும் வயல்களும் கலந்தே காணப்படுகின்றன. ஏரிப் பாசனத்தில் நவரையும் சொர்ணவாரியும் விளைந்துவந்த இவ்வட்டாரத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி முதலியவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. எஞ்சிய நிலங்களில் சாகுபடி தொடர்கிறது. ஆனால் வயலுக்கு மேலே இருந்த வானம் முன்போல் வெறுமையாக இல்லை. உயர் அழுத்த மின் கோபுரங்கள், செல்போன் டவர்கள், ஆலைப் புகைபோக்கிகள், கட்டட வேலைக்கு வந்து நிற்கும் கிரேன்கள் என்று பலவும் அதில் இடம் பிடித்துவிட்டன.

பொழுதுபோக்குக்காக வாங்கப்படும் சிறிய காமிரா டிரோன் இன்று வயலுக்கும் உதவுகிறது. வரப்பில் நடந்து பார்க்க அரை நாள் பிடிக்கும் நிலத்தைப் பத்து நிமிடத்தில் மேலிருந்து பார்த்துவிடலாம். தண்ணீர் எட்டாத மூலை எது, பயிர் வெளுத்துள்ள பாத்தி எது, பன்றி புகுந்து உழப்பிய இடம் எது என்பதெல்லாம் படத்தில் தெளிவாகத் தெரியும். ஆயினும் இக்கருவியை வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடுகிற ஓர் எண் உண்டு. அதுவே திரும்பும் உயரம். கருவி தானாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்போது எத்தனை மீட்டர் உயரத்தில் வர வேண்டும் என்பதை இந்த எண் முடிவு செய்கிறது. ஆலையில் வைத்து அனுப்பிய எண்ணை அப்படியே விட்டுவிடுவதும், ஒரு வயலுக்கு வைத்ததை எல்லா வயலுக்கும் வைத்துக்கொள்வதும் தவறு. இந்த எண்ணை ஒவ்வோர் இடத்திலும், கருவியை எழுப்பும் முன்பே, கணக்கிட்டுப் பதிய வேண்டும்.

திரும்புதல் நடக்கும் விதம்

மூன்று சமயங்களில் டிரோன் தானாகத் திரும்பும். கையிலுள்ள ரிமோட்டுக்கும் கருவிக்கும் இடையே தொடர்பு அறுந்துபோனால் திரும்பும். பாட்டரி குறைந்து, திரும்பி வருவதற்கு மட்டுமே மின்சாரம் மிஞ்சியிருந்தால் திரும்பும். இயக்குபவரே திரும்பும் பொத்தானை அழுத்தினாலும் திரும்பும்.

பெரும்பாலான கருவிகள் இதனை மூன்று கட்டமாகச் செய்கின்றன. முதலில் இருந்த இடத்திலேயே நேர் மேலே எழும்பி, பதிந்து வைத்த உயரத்தை அடைகின்றன. பிறகு அந்த உயரத்தில் நேர்கோட்டில் புறப்பட்ட இடத்தை நோக்கி வருகின்றன. கடைசியில் அந்த இடத்தின் மேல் வந்ததும் நேர் கீழே இறங்குகின்றன. கருவி ஏற்கெனவே பதிந்த உயரத்துக்கு மேல் பறந்துகொண்டிருந்தால் கீழே இறங்காமல் அதே உயரத்தில் திரும்பும். புறப்பட்ட இடத்துக்கு மிக அருகில் இருந்தால் சில கருவிகள் மேலே எழும்பாமலே வந்துவிடும். சில அங்கேயே இறங்கிவிடும். இந்தத் தூரம் கருவிக்குக் கருவி மாறுவதால், கூடவே வரும் கையேட்டைப் படித்துத் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

போகும்போது இயக்குபவர் மரத்தைச் சுற்றி வளைத்து ஓட்டியிருப்பார். திரும்பும்போது கருவிக்கு அந்த வளைவு தெரியாது. அது காகம் பறப்பதுபோல் நேராக வரும். வழியில் உள்ளது பனையா, புகைபோக்கியா என்று பார்க்கும் கண் விலை குறைந்த சிறிய கருவிகளுக்கு இல்லை. தடையை அறியும் வசதி உள்ள கருவிகளும் மெல்லிய கம்பியையும், இலையற்ற கிளையையும் கண்டுகொள்ளும் என்று நம்ப முடியாது. வெளிச்சம் மங்கிய மாலையில் அவற்றின் திறன் மேலும் குறையும். ஆகவே காக்க வேண்டிய பொறுப்பு அந்த ஓர் எண்ணிடம்தான் இருக்கிறது.

எங்கிருந்து அளக்கப்படுகிறது?

திரை காட்டும் உயரம், கருவிக்குக் கீழே உள்ள தரையிலிருந்து அளக்கப்படுவது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கருவி புறப்பட்ட இடமே பூஜ்யம். அங்கிருந்து எவ்வளவு மேலே போயிருக்கிறது என்பதையே திரை காட்டுகிறது. ஏரிக்கரையின் மேலிருந்து புறப்பட்டால் கரையின் மட்டமே பூஜ்யம். வறண்ட ஏரியின் உட்பகுதியிலிருந்து புறப்பட்டால் அந்தப் பள்ளமே பூஜ்யம். பள்ளத்திலிருந்து புறப்படுவோர், சுற்றியுள்ள நிலம் எத்தனை மீட்டர் மேடாக உள்ளதோ அதனைத் திரும்பும் உயரத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். குன்றடி நிலங்களில் இதனை மறந்தால், 40 மீட்டர் உயரத்தில் வருவதாக எண்ணிய கருவி குன்றின் சரிவிலேயே மோதிவிடும்.

கருவி இந்த உயரத்தைக் காற்றழுத்தத்தைக் கொண்டு அறிகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. தரையை ஒட்டிய பகுதியில் சுமார் 8 மீட்டருக்கு ஒரு மில்லிபார் வீதம் இது குறையும். ஆனால் கருவி அசையாமல் நின்றாலும் காற்றழுத்தம் மாறக்கூடியது. நம் பகுதியில் அது தினமும் காலை 10 மணி வாக்கில் மிகுந்தும், மாலை 4 மணி வாக்கில் குறைந்தும் காணப்படும். 20 நிமிடப் பறப்பில் இதனால் ஏற்படும் பிழை சாதாரண நாளில் ஓரிரு மீட்டர்தான். மழை மேகம் திரண்டு வரும் வேளையில் அழுத்தம் சட்டென்று மாறுவதால் பிழை கூடும். அதனால் பாட்டரியை மாற்றி மீண்டும் எழுப்பும்போதெல்லாம் உயரம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

இவ்வட்டாரத்தில் உயரமானவை

ஊர்ப்புறத்தில் உயரம் என்றால் பனையும் தென்னையும்தான் என்று கருதிய காலம் உண்டு. நன்கு வளர்ந்த பனை 20 முதல் 30 மீட்டர் வரை இருக்கும். அந்தக் கணக்கில் 40 மீட்டர் வைத்தால் போதுமானது. ஆனால் இந்தத் தொழிற்பகுதியில் அது போதாது.

ஆலைகளுக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் இங்கே துணை மின் நிலையங்களும் டவர் லைன்களும் மிகுதி. ஸ்ரீபெரும்புதூரில் மத்திய மின் தொகுப்புக் கழகத்தின் 400 கிலோவோல்ட் துணை மின் நிலையம் உள்ளது. இத்தகைய நிலையங்களிலிருந்து நாலா திசையிலும் கம்பிகள் வயல்களின் மேல் செல்கின்றன. 110 கிலோவோல்ட் கோபுரங்கள் பொதுவாகப் பெரிய பனை அளவு இருக்கும். 230 கிலோவோல்ட் கோபுரங்கள் அதைவிட உயரமானவை. இரட்டைத் தொடர் செல்லும் 400 கிலோவோல்ட் கோபுரங்கள் 50 மீட்டர் அளவுக்கும் போகும். ஆகவே பழக்கத்தில் வைக்கும் 30 அல்லது 40 மீட்டர் என்பது இக்கம்பிகள் ஓடும் உயரத்திலேயே கருவியைக் கொண்டுவந்து விடுகிறது. இதைவிட ஆபத்தான உயரம் வேறில்லை.

கோபுரத்தின் உச்சியில் மின்சாரம் பாயாத கம்பி ஒன்றோ இரண்டோ செல்வதைக் காணலாம். இடியைத் தாங்குவதற்காகப் போடப்படும் தரைக்கம்பி இது. 400 கிலோவோல்ட் தொடரிலும் இதன் கனம் சுமார் 11 மில்லிமீட்டர்தான். தரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கும், காமிராவின் கண்ணுக்கும் எளிதில் தென்படாது. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கம்பி தொய்ந்து இருப்பதைப் பார்த்து உயரத்தை எடைபோடக்கூடாது. கோபுர உச்சியே கணக்கு.

செல்போன் டவர்கள், ஆலைப் புகைபோக்கிகள், தண்ணீர்த் தொட்டிகள், சாலைச் சந்திப்புகளில் உள்ள உயர் விளக்குக் கம்பங்கள் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இவையெல்லாம் நிலையானவை. ஆனால் புதிய ஆலை கட்டும் இடத்தில் நிற்கும் கிரேன் நிலையானதன்று. நேற்று மடங்கிக் கிடந்த கிரேன் இன்று கையை நீட்டி நிற்கும். புதிய டவர் லைன் ஒன்று இரண்டு மாதத்தில் முளைத்துவிடும். போன அறுவடையின்போது எடுத்த கணக்கு இந்த நடவுக்குச் செல்லாது என்பதை இவ்வட்டார விவசாயிகள் மனத்தில் கொள்ள வேண்டும்.

உயரத்தை அளக்கும் முறை

கோபுரத்தில் ஏறாமலே அதன் உயரத்தை அறிய நிழலே போதும். ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைத் தரையில் செங்குத்தாக நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். அதே நேரத்தில் மரம் அல்லது கோபுரத்தின் நிழலை, அதன் அடி நடுவிலிருந்து நிழலின் நுனி வரை அளக்க வேண்டும். கோலின் நிழல் 60 சென்டிமீட்டர், கோபுரத்தின் நிழல் 24 மீட்டர் என்றால், 24-ஐ 0.6-ஆல் வகுக்கக் கிடைப்பது 40. கோபுரத்தின் உயரம் 40 மீட்டர். நிலம் மேடுபள்ளமாக இருந்தால் இந்தக் கணக்கில் பிழை வரும்.

டிரோனைக் கொண்டும் அளக்கலாம். தடையிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, வெட்டவெளியில் கருவியை நேர் மேலே எழுப்ப வேண்டும். காமிராவை மேலும் கீழும் சாயாமல் மட்டமாக வைத்துத் தடையை நோக்கித் திருப்ப வேண்டும். தடையின் உச்சி படத்தின் சரி நடுவில் தெரியும்போது கருவியும் அந்த உச்சியும் ஒரே மட்டத்தில் உள்ளன. அப்போது திரை காட்டும் எண்ணே அதன் உயரம். ஆலை வளாகத்துக்குள் இருக்கும் புகைபோக்கியையும், நெருங்க முடியாத டவரையும் இவ்வாறு அளக்கலாம். ஆலை மதிலுக்கு மேலே கருவியைக் கொண்டுபோகத் தேவையில்லை, போகவும் கூடாது.

கணக்கு

கருவி செல்லக்கூடிய அதிகபட்சத் தூரத்தை முதலில் வரையறுக்க வேண்டும். ஐந்து ஏக்கர் நிலத்தைப் பார்க்க 300 மீட்டர் தாராளம். புறப்படும் இடத்தை நடுவாகக் கொண்டு 300 மீட்டர் வட்டத்துக்குள் உள்ள எல்லாத் தடைகளையும் எழுதிக்கொள்ள வேண்டும். போகிற வழியில் உள்ளவற்றை மட்டும் எழுதுவது போதாது. காற்று தள்ளினாலும், திசை தவறினாலும் கருவி எந்தப் பக்கத்திலிருந்தும் திரும்ப நேரிடலாம்.

உதாரணமாக, ஏரிக்குக் கீழுள்ள ஒரு வயலைக் கொள்வோம். வட்டத்துக்குள் ஆலை ஷெட் 14 மீட்டர், பனை 22 மீட்டர், டவர் லைன் 40 மீட்டர், செல்போன் டவர் 45 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இவற்றுள் மிக உயர்ந்தது 45. அளவையில் வரக்கூடிய பிழைக்காகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 5 மீட்டர் சேர்க்க வேண்டும். காற்றழுத்த மாறுதலுக்கும் காற்றில் கருவி தாழ்வதற்கும் இன்னொரு 5 மீட்டர். இவை போகத் தடைக்கும் கருவிக்கும் இடையே 10 மீட்டர் வெற்றிடம் வேண்டும். ஆக 65 மீட்டர். இந்த வயலுக்குத் திரும்பும் உயரம் இதுவே.

வீட்டு மாடியிலிருந்து புறப்பட்டால் மாடியின் உயரத்தை இதில் கழித்துக்கொள்ள வேண்டாம். அது கூடுதல் பாதுகாப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். பள்ளத்திலிருந்து புறப்பட்டால் மட்டும், முன்பு கூறியபடி, சேர்க்க வேண்டும்.

மேல் வரம்பு

அப்படியானால் எப்போதும் 120 மீட்டர் என்று வைத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். இதில் இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று சட்டம், மற்றொன்று காற்று.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட டிரோன் விதிகளின்படி, வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி வரை அனுமதி பெறாமல் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் இந்த வரம்பு 60 மீட்டராக, அதாவது 200 அடியாகக் குறைகிறது. அதற்கு மேல் பறக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவே கூடாது.

ஒரகடத்திலிருந்து கிழக்கே படப்பை, மணிமங்கலம் பக்கம் செல்லச் செல்லத் தாம்பரம் விமானப்படைத் தளமும் மீனம்பாக்கம் விமான நிலையமும் நெருங்கி வருகின்றன. மேற்கே பரந்தூரில் புதிய விமான நிலையம் அமைக்கும் திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. அது இயங்கத் தொடங்கினால் அதைச் சுற்றியுள்ள ஊர்களின் மண்டலங்களும் மாறும். மண்டலங்களைக் காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுப் பறப்பதே சரி. 60 மீட்டர் வரம்புள்ள இடத்தில் 50 மீட்டர் கோபுரம் நின்றால், மேலே காட்டிய கணக்குக்கு இடமே இல்லை. அங்கே உயரத்தைக் குறைத்துச் சமாளிக்க முயலாமல், கோபுரம் வட்டத்துக்குள் வராதபடி பறக்கும் தூரத்தைச் சுருக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் அந்த வயலை நடந்தே பார்க்க வேண்டும்.

வரம்புக்கு உட்பட்ட உயரமும் கண்ணுக்கெட்டாத் தூரத்தில் காப்பாற்றாது என்பதற்கு அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. 2017 செப்டம்பர் 21 அன்று மாலை, அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த ஸ்டேட்டன் தீவுக்கருகே, ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றின் மீது பொழுதுபோக்கு டிரோன் ஒன்று மோதியது. அப்போது டிரோன் சுமார் 300 அடி உயரத்தில்தான் இருந்தது. அதை இயக்கியவர் சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில், கருவியைக் கண்ணால் காண முடியாத இடத்தில் நின்று, திரும்பும் பொத்தானை அழுத்தியிருந்தார். தொடர்பு அற்றுப்போனதும், தானாக வந்து சேரும் என்று காத்திருந்தார். மோதல் நடந்ததே அவருக்குத் தெரியாது. ஹெலிகாப்டரின் சுழலி இறக்கையில் வடு விழுந்தபோதிலும் அது பத்திரமாகத் தரையிறங்கியது. திரும்பும் உயரம் தரையிலுள்ள தடைகளிலிருந்துதான் காக்கும். வானில் வருவோரைக் கவனிக்கக் கண் வேண்டும். ஆகையால் கருவியைப் பார்வைக்கு அப்பால் விடலாகாது.

காற்றும் பாட்டரியும்

உயரம் கூடினால் நேரமும் கூடும். 20 மீட்டர் உயரத்தில், 400 மீட்டர் தூரத்தில் உள்ள கருவி ஒன்று திரும்புவதாகக் கொள்வோம். வினாடிக்கு 4 மீட்டர் ஏறி, 10 மீட்டர் பறந்து, 3 மீட்டர் இறங்கும் கருவி அது. திரும்பும் உயரம் 60 மீட்டரானால் ஏற 10, வர 40, இறங்க 20, ஆக மொத்தம் 70 வினாடி. 120 மீட்டரானால் ஏற 25, வர 40, இறங்க 40, ஆக 105 வினாடி.

எதிர்க்காற்று இருந்தால் நிலைமை மோசமாகும். வினாடிக்கு 6 மீட்டர் காற்று எதிரே வீசினால், 10 மீட்டர் வேகமுள்ள கருவி 4 மீட்டர்தான் முன்னேறும். 400 மீட்டரைக் கடக்க 40 வினாடிக்குப் பதில் 100 வினாடி ஆகும். தரையில் நாற்று அசையாத வேளையிலும் மேலே காற்று பலமாக இருக்கலாம். பொதுவாக உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும். தேவைக்கு மேல் உயரம் வைத்தவரின் கருவி, பாட்டரி தீர்ந்து, வழியிலுள்ள ஏரியிலோ ஆலைக் கூரையிலோ இறங்கிவிட நேரும்.

கோடையில் பிற்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று இவ்வட்டாரத்தை எட்டும். அந்நேரத்தில் மேற்கே அனுப்பிய கருவி எதிர்க்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாக வீசும்போது கிழக்கே அனுப்பினால் இதே தொல்லை. முதலில் காற்றை எதிர்த்துப் போய், காற்றுடன் திரும்புவதே நல்ல வழக்கம். காற்று அடங்கியிருக்கும் காலை நேரமே பறப்புக்கு ஏற்றது. பாட்டரி மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போதே கருவியை அழைத்துவிடுவது நலம்.

புறப்படும் இடம்

திரும்பும் கருவி புறப்பட்ட இடத்தில் நேர் கீழே இறங்கும். ஆகவே அவ்விடத்தின் தலைக்கு மேல் கிளையோ, வீட்டுக்குச் செல்லும் மின்கம்பியோ இருக்கக்கூடாது. துணைக்கோள் கொண்டு இடம் அறிவதில் சில மீட்டர் பிழை இயல்பு. சுற்றிலும் பத்து அடி வைக்கும் தூரம் வெட்டவெளியாக இருக்க வேண்டும். கதிரடிக்கும் களம், அறுவடையான வயல் ஆகியவை ஏற்றவை.

போதிய துணைக்கோள்கள் கிடைத்து, புறப்பட்ட இடம் பதிவாகிவிட்டது என்று திரை சொல்லும் வரை கருவியை எழுப்பக்கூடாது. அவசரத்தில் எழுப்பினால் கருவிக்குத் திரும்ப வீடே இருக்காது. அல்லது வேறோர் இடத்தை வீடாகப் பதிந்துகொள்ளும். தகரக் கூரை, கம்பி கட்டிய கான்கிரீட் தளம், டிராக்டரின் முன்பக்கம் ஆகியவற்றின் மேலிருந்து எழுப்பினால் கருவியின் திசைகாட்டி குழம்பும். புறப்பட்ட பின் இயக்குபவர் வரப்பு வழியே நடந்து வேறிடம் போனாலும் கருவி பழைய இடத்துக்கே திரும்பும் என்பதையும் மறக்கலாகாது.

திரும்புதல் கூடாத இடம்

எவ்வளவு கவனமாக உயரம் வைத்தாலும் ஓர் இடத்தில் அது பயன்படாது. மின்கம்பிக்கு அடியில் பறக்கும்போது தொடர்பு அறுந்தால், கருவி முதலில் நேர் மேலே எழும்பும். மேலே கம்பி இருக்கிறது. அதாவது காப்பதற்காக வைத்த ஏற்பாடே கருவியைக் கம்பியில் கொண்டுபோய் மாட்டிவிடும். ஆகையால் டவர் லைனுக்கு அடியிலோ, இரு கம்பிகளுக்கு இடையிலோ ஒருபோதும் பறக்கலாகாது. லைனிலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 30 மீட்டர் எட்ட நிற்பதை விதியாகக் கொள்ளலாம். லைன் நிலத்தின் நடுவே ஓடினால், ஒரு பக்கத்தைப் பார்த்துக் கருவியை இறக்கிவிட்டு, மறுபக்கம் சென்று அங்கிருந்து மீண்டும் எழுப்ப வேண்டும்.

தோப்புக்குள் மரங்களுக்குக் கீழே பறப்பதற்கும் இதுவே பொருந்தும். தொடர்பு அறுந்தால் திரும்புவதா, நின்ற இடத்தில் மிதப்பதா, இறங்குவதா என்று தேர்ந்தெடுக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. தோப்புக்குள் மிதப்பதைத் தேர்ந்தெடுத்தால், இயக்குபவர் நாலடி நடந்துபோய்த் தொடர்பை மீட்டுக்கொள்ளலாம். ஏரியின் மேல் பறக்கும்போது இறங்குவதைத் தேர்ந்தெடுத்தால் கருவி தண்ணீருக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் பழைய தேர்வுக்கு மாற்றி வைக்க மறக்கக்கூடாது.

ஒத்திகை

புதுக் கருவி வாங்கியவர் அறுவடையான வயலில் ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். திரும்பும் உயரத்தை 30 மீட்டராக வைத்து, கருவியை 15 மீட்டர் உயரத்தில் 60 மீட்டர் தூரம் கொண்டுபோய், திரும்பும் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். எப்படி எழும்புகிறது, எந்த வேகத்தில் வருகிறது, எங்கே இறங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். திரும்புதலை நடுவில் நிறுத்தும் பொத்தான் எது என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். பருந்து குறுக்கிட்டாலோ, கிரேன் ஒன்று புதிதாகக் கண்ணில் பட்டாலோ அந்தப் பொத்தானே உதவும்.

250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையுள்ள கருவியை, வருமான நோக்கமின்றிப் பறக்கவிடுவோருக்கு ஓட்டுநர் சான்று தேவையில்லை. ஆனால் கருவியைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும். பயிருக்கு மருந்து தெளிக்கும் பெரிய டிரோனின் கதை வேறு. அது பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டரில் பறப்பது. அதை இயக்கப் பயிற்சியும் சான்றும் கட்டாயம். ஆயினும் மருந்தோ பாட்டரியோ தீர்ந்ததும் அதுவும் தானாகத் திரும்பக்கூடியதே. வாடகைக்கு அதை அழைக்கும் விவசாயி, நிலத்தைச் சுற்றியுள்ள கம்பிகளையும் மரங்களையும் ஓட்டுபவருக்கு முன்கூட்டியே காட்டி, திரும்பும் உயரம் எவ்வளவு வைக்கப்பட்டுள்ளது என்று கேட்டுக்கொள்வது நல்லது. அந்த நிலத்தின் வானம் ஓட்டுபவரைவிட நிலத்துக்காரருக்கே நன்கு தெரியும்.

கம்பியில் சிக்கினால்

அரை கிலோ எடையுள்ள கருவி 60 மீட்டரிலிருந்து விழுவது, தென்னையிலிருந்து தேங்காய் விழுவதற்கு ஒப்பானது. கீழே நடவு ஆட்களோ, ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர்களோ இருக்கக்கூடும். ஆள் நடமாட்டத்துக்கு மேலே பறப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கருவி மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் கம்பு, துரட்டி, அலக்கு எதைக் கொண்டும் எடுக்க முயலக்கூடாது. உயர் அழுத்தக் கம்பியில் மின்சாரம் தாவிப் பாய, தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே போதும். ஈரமான கம்பும், பச்சை மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். ஆட்களை விலக்கிவிட்டு, மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும். கருவியின் விலை எவ்வளவாக இருந்தாலும், அதற்காகக் கோபுரத்தில் ஏற எவரையும் அனுப்பலாகாது.

சுருக்கமாக

பறக்கும் வட்டத்துக்குள் உள்ள மிக உயர்ந்த தடையை அளக்க வேண்டும். அதனுடன் 15 முதல் 20 மீட்டர் சேர்க்க வேண்டும். கிடைத்த எண் அந்த இடத்துக்குரிய சட்ட வரம்புக்குள் இருக்கிறதா என்றும், அந்த உயரத்துக் காற்றில் திரும்பப் பாட்டரி போதுமா என்றும் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால் எண்ணைப் பதிந்து பறக்கலாம். ஒன்று ஒத்துவராவிட்டாலும் தூரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது அன்றைய பறப்பைக் கைவிட வேண்டும். ஆலைகளும் கம்பிகளும் பெருகிவரும் இந்த வட்டாரத்தில், விதைப்புக்கு முன் மண்ணைப் பார்ப்பதுபோல், பறப்புக்கு முன் ஐந்து நிமிடம் வானத்தைச் சுற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் கருவியும் நிலைக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் தீங்கு நேராது.